பழைய கால்பந்து ஆட்டத்தை முழுதாகத் திரும்பப் பார்ப்பது எப்படி? 1982 இத்தாலி - பிரேசில் ஆட்டத்தை வைத்து ஒரு வழிகாட்டி

1982 ஜூலை 5, பார்சிலோனா நகரின் சாரியா அரங்கம். இத்தாலி 3, பிரேசில் 2. கால்பந்து பார்க்கிறவர்களில் நிறையப் பேருக்கு இந்த ஸ்கோர் தெரியும். கூடவே ஒரு கதையும் தெரியும். அழகாக ஆடிய பிரேசில், கதவை அடைத்துக்கொண்டு ஆடிய இத்தாலியிடம் தோற்றது. டிரா போதும் என்ற நிலையிலும் பிரேசில் அடங்காமல் தாக்கப் போய் மாட்டிக்கொண்டது. இதைச் சொல்கிறவர்களில் பலர் பார்த்தது ஐந்து கோல்களின் தொகுப்பு மட்டும்தான். 90 நிமிடத்தையும் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கதையில் பாதி நிற்பதில்லை.

பழைய ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பதில் இருக்கும் லாபமே இதுதான். தொகுப்பு, கோலைக் காட்டும். கோல் ஏன் விழுந்தது என்பது அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் இருக்கும். ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய பதிவை இன்றைய ஆட்டம்போல் போட்டுப் பார்த்தால் ஒட்டாது. மெதுவாகத் தெரியும், யார் யார் என்று புரியாது, விதிகள் குழப்பும். கொஞ்சம் முன்தயாரிப்பு வேண்டும். சாரியா ஆட்டத்தையே எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். வேறு எந்தப் பழைய ஆட்டத்துக்கும் இதே வழி பொருந்தும்.

படி 1: ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

முடிவு தெரிந்த ஆட்டத்தையே எடுங்கள். முடிவு தெரியாமல் பார்ப்பதுதான் சுவை என்பது நேரலைக்குப் பொருந்தும். பழைய ஆட்டத்தில் முடிவு தெரிந்திருப்பது வசதி. யார் ஜெயிப்பார்கள் என்ற பதற்றம் இல்லாததால் கண் பந்தை விட்டு விலகி மற்ற இடங்களுக்குப் போகும்.

இன்னொன்று, பெரும் பெயர் பெற்ற இறுதி ஆட்டங்களைவிட அதற்கு முந்தைய சுற்று ஆட்டங்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கும். இறுதி ஆட்டத்தில் தோற்றுவிடுவோமோ என்ற பயம் கால்களைக் கட்டிவிடும். அதே 1982இல் மாட்ரிட்டில் நடந்த இறுதி ஆட்டத்தையும் சாரியாவையும் அடுத்தடுத்துப் பாருங்கள், தெரியும்.

படி 2: முழுப் பதிவைத் தேடுவது

உலகக் கோப்பை ஆட்டம் என்றால் முதலில் உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் சொந்தத் தளத்தையும் அதன் யூடியூப் சேனலையும் பாருங்கள். பழைய ஆட்டங்களின் முழுப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. எது எப்போது கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், வேண்டியது கண்ணில் பட்டால் அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

அங்கே இல்லையென்றால் ஆடிய நாடுகளின் மொழியில் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் தொகுப்புகள்தான் வந்து குவியும். 'முழு ஆட்டம்' என்பதற்கு இத்தாலிய, போர்த்துகீசிய, ஸ்பானியச் சொற்களை மொழிபெயர்ப்புச் செயலியில் எடுத்து, ஆண்டையும் அணிகளையும் சேர்த்துப் போட்டால் முழுப் பதிவு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கிடைத்ததும் நீளத்தைப் பாருங்கள். 85 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள். பந்து வெளியே போகிற நேரம், காயம் பட்டு வீரர் கிடக்கிற நேரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'முழு ஆட்டம்' என்று பெயர் வைத்திருப்பார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த வெற்று நேரத்தில்தான் பயிற்சியாளர் கத்துவதும், மார்க் செய்ய, அதாவது ஒட்டி நின்று தடுக்க, வேண்டிய ஆளை மாற்றிக்கொள்வதும், வெயிலில் வீரர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பதும் தெரியும்.

வர்ணனை எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. புரியாத மொழி என்றால் இன்னும் நல்லது என்பேன். வர்ணனையாளரின் கருத்து உங்கள் கண்ணை இழுக்காது, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும்.

படி 3: படத்தைச் சரிசெய்வது

அந்தக் காலத் தொலைக்காட்சியின் அகல உயர விகிதம் 4:3. இன்றைய அகலத் திரையில் அதை இழுத்துப் பொருத்தியிருந்தால் எல்லோரும் குட்டையாகக் குண்டாகத் தெரிவார்கள், பந்து முட்டை வடிவத்தில் உருளும். விஎல்சி பிளேயரில் 'ஏ' (A) விசையை அழுத்தினால் விகிதம் மாறிக்கொண்டே வரும், 4:3 வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கட்டும். வேகமாக ஓடும் வீரர்களின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் 'டி' (D) விசை அதைச் சரிசெய்யும். 'இ' (E) விசை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும். யூடியூபில் நிறுத்திவைத்துவிட்டுக் கால்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் இதே வேலை நடக்கும். ஆறாவது படியில் இது தேவைப்படும்.

கைபேசியில் பார்க்காதீர்கள். அந்தக் காலத்துச் சட்டையில் வீரர் பெயர் இருக்காது, முதுகு எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். சின்னத் திரையில் எண் தெரியாது. திரையின் மூலையில் ஸ்கோரும் கடிகாரமும் நிரந்தரமாக நிற்பதும் பிற்காலத்து வழக்கம். ஆட்டம் தொடங்கும் நொடியைப் பதிவில் குறித்துவைத்துக்கொண்டால் நிமிடக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

படி 4: ஆட்டத்துக்கு முந்தைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வது

இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும், ஆட்டம் பல மடங்கு சூடாகிவிடும். சாரியாவுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

1982இல் 24 அணிகள். முதல் சுற்றுக்கு அடுத்ததும் குழு ஆட்டம்தான், மூன்று அணிகள் கொண்ட நான்கு குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதலிடம் பெறும் அணி அரையிறுதிக்குப் போகும். இந்தக் குழுவில் பிரேசில், இத்தாலி, அர்ஜென்டினா. இத்தாலி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றிருந்தது. பிரேசில் அதே அணியை 3-1 என்று வென்றிருந்தது. அந்த ஆட்டத்தில்தான் அர்ஜென்டினாவின் மரடோனா பிரேசிலின் பதிஸ்டாவை உதைத்துவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆகக் கடைசி ஆட்டம் டிரா ஆனால் கோல் வித்தியாசத்தில் பிரேசில் அரையிறுதிக்குப் போகும். இத்தாலி ஜெயித்தே ஆக வேண்டும்.

இத்தாலி அங்கே வந்து சேர்ந்ததே பெரிய பாடு. முதல் சுற்றில் போலந்து, பெரு, கேமரூன் மூன்றோடும் டிரா. கேமரூனைவிட ஒரே ஒரு கோல் கூடுதலாக அடித்திருந்ததால் தப்பித்தது. சொந்த நாட்டுப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. வீரர்கள் பத்திரிகையாளர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள், கேப்டன் டீனோ ஜாஃப் மட்டும் பேசுவார். அவருக்கு வயது 40. முன்வரிசையில் பாவ்லோ ரோசி. சூதாட்ட ஊழல் வழக்கில் அவருக்கு விழுந்த இரண்டு வருடத் தடை அந்த ஏப்ரல் கடைசியில்தான் முடிந்திருந்தது. அந்த உலகக் கோப்பையில் ஆடிய நான்கு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட இல்லை. பயிற்சியாளர் எஞ்சோ பெயார்சோட் அவரை அணியிலிருந்து நீக்க மறுத்தார்.

பிரேசில் அதுவரை நான்கு ஆட்டம், நான்கு வெற்றி, 13 கோல்கள். பயிற்சியாளர் டெலே சந்தானா.

அடுத்து விதிகள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் பாதி ஆட்டம் எரிச்சலாக இருக்கும். சக வீரர் காலால் தட்டிக் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையில் எடுக்கலாம், அது 1992இல்தான் தடையானது. எனவே முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கடத்துவது இன்றைவிடச் சுலபம். பாஸ் கிளம்பும்போது எதிரணியின் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி கோல் பக்கம் நிற்பது ஆஃப்சைடு. அன்று அந்த டிஃபெண்டரோடு ஒரே கோட்டில் நின்றாலும் ஆஃப்சைடு, 1990இல்தான் அது மாறியது. மாற்று வீரர்கள் இரண்டே பேர். வெற்றிக்கு 2 புள்ளி. பின்னாலிருந்து வந்து காலில் விழுந்து பந்தைப் பறிப்பதை நடுவர்கள் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாத காலம் அது. இத்தாலிய டிஃபெண்டர் ஜெண்டிலேவைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: முதல்முறை நிறுத்தாமல் பார்ப்பது

கீழே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலி: ஜாஃப் 1, கப்ரீனி 4, கொலோவாட்டி 5, ஜெண்டிலே 6, ஷிரேயா 7, அந்தோன்யோனி 9, ஓரியாலி 13, தர்டெல்லி 14, கோன்டி 16, கிராத்சியானி 19, ரோசி 20. மாற்று வீரர்களாக இறங்கியவர்கள் பெர்கோமி 3, மரீனி 11.

பிரேசில்: வால்டிர் பெரேஸ் 1, லேயாண்ட்ரோ 2, ஆஸ்கார் 3, லூயிசின்யோ 4, செரேசோ 5, ஜூனியர் 6, சாக்ரடீஸ் 8, செர்ஜின்யோ 9, ஜிகோ 10, எடர் 11, ஃபால்காவ் 15. மாற்று வீரர் பாவ்லோ இசிதோரோ 7.

இத்தாலியின் எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. டிஃபெண்டர்களுக்குள் அகரவரிசை, நடுக்களத்தில் ஆடுகிறவர்களுக்குள் அகரவரிசை என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அதனால் 9 என்றதும் சென்டர் ஃபார்வர்டைத் தேடாதீர்கள், அவர் அந்தோன்யோனி. அர்ஜென்டினா இதைவிட மோசம், நடுக்கள வீரர் அர்டிலெஸ் முதுகில் 1 இருக்கும்.

சரி, இப்போது ஆட்டத்தைப் போடுங்கள். முதல்முறை நிறுத்தக் கூடாது, பின்னால் ஓட்டிப் பார்க்கக் கூடாது. இடைவேளைக்கு மட்டும் எழுந்து போங்கள். ஆட்டத்தின் வேகம் உடம்பில் பதிய வேண்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாகத்தான் தெரியும். ஐரோப்பாவின் ஜூலை மாதம், மாலை 5.15 மணி ஆட்டம், வெயில். எதிரணி பந்தை வைத்திருக்கும்போது இன்றுபோல் எல்லோரும் பாய்ந்து நெருக்க மாட்டார்கள். நடுக்களத்தில் சாக்ரடீஸுக்குத் தலை நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்க நேரம் கிடைக்கும். கால் மணி நேரம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

ஒன்றே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நிமிடத்தில் உங்கள் கணிப்பு மாறியது? 'இனி பிரேசில்தான்' என்றோ 'இத்தாலி பிடித்துவிட்டது' என்றோ எப்போது தோன்றியது? கோல் விழுந்த நேரமும் அந்த நேரமும் ஒன்றாக இருக்காது.

படி 6: இரண்டாம்முறை, வெட்டி வெட்டி

இதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நிறுத்தலாம், ஓட்டலாம். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு நிமிடம் முன்னால் போய்த் தொடங்குங்கள்.

5ஆவது நிமிடம், இத்தாலியின் முதல் கோல். தொகுப்புகளில் ரோசியின் தலை மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் வலதுபக்கத்து கோன்டியைப் பாருங்கள். இடதுகால்காரர், பந்தை உள்ளே ஓட்டிவந்து, களத்தைக் குறுக்கே தாண்டி இடதுபக்கம் கப்ரீனிக்கு அனுப்புகிறார். கப்ரீனி யாரும் நெருக்காமல் நிமிர்ந்து பார்த்துத் தூக்கிப் போடுகிறார். ஒரு டிஃபெண்டருக்கு அவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது? பிரேசிலுக்கு வலதுபக்கம் நிரந்தரமாக ஒரு விங்கர், அதாவது ஓரத்திலேயே ஆடும் ஆள், கிடையாது. சாக்ரடீஸும் ஜிகோவும் தோன்றும்போது அந்தப் பக்கம் ஒதுங்குவார்கள், லேயாண்ட்ரோ பின்னாலிருந்து ஏறுவார். தாக்கும்போது இது அழகு. பந்து பறிபோனால் அந்த ஓரம் காலி. கதவை அடைத்துக்கொண்டு ஆடும் அணி, ஐந்தாவது நிமிடத்தில் இடது டிஃபெண்டரை அவ்வளவு தூரம் ஏறவிடாது.

12ஆவது நிமிடம், சாக்ரடீஸ். இங்கே ஜிகோவைப் பாருங்கள். ஜெண்டிலே முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஜிகோ பந்தை வாங்கி ஒரே திருப்பில் அவரைக் கழற்றிவிட்டு, ஓடிவரும் சாக்ரடீஸுக்கு இடைவெளியில் தள்ளுகிறார். சாக்ரடீஸ் ஜாஃபுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவே தரையோடு அடித்துவிடுகிறார். ஜெண்டிலே 13ஆவது நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை வாங்குவதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மிச்சம் 77 நிமிடமும் அந்த அட்டையோடு ஜிகோவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். அது அழுக்கு வேலைதான், ஆனாலும் ஒரு திறமை.

25ஆவது நிமிடம், ரோசியின் இரண்டாவது. செரேசோ தன் பாதியில் குறுக்கே ஒரு சோம்பேறிப் பாஸ் போடுகிறார், ரோசி வெட்டிக்கொண்டு போகிறார். பழி முழுவதும் செரேசோவுக்குத்தான் போயிருக்கிறது. பாஸ் கிளம்பும் ஃப்ரேமில் நிறுத்துங்கள். பந்து போகும் இடத்தைச் சுற்றி பிரேசில்காரர்கள் இருக்கிறார்கள், 'அவன் எடுப்பான்' என்று ஒருவரை ஒருவர் நம்பி நிற்கிறார்கள். நகர்ந்தவர் ரோசி ஒருவர்தான். நான்கு ஆட்டம் கோல் அடிக்காத ஆள் இன்னும் பசியோடு அலைந்துகொண்டிருக்கிறார் என்பது அந்த ஒரு ஃப்ரேமில் தெரியும்.

34ஆவது நிமிடத்தில் காயத்தால் கொலோவாட்டி வெளியே, 18 வயது பெர்கோமி உள்ளே. மீசையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். எதிரில் நிற்கும் பிரேசில் ஃபார்வர்டு செர்ஜின்யோ அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்று தனியாக எண்ணிப் பாருங்கள், அதிகம் தேறாது. எடரும் ஜிகோவும் சுற்றி வரும் அணியில் அவர் கடைசிவரை ஒட்டவில்லை என்பது என் எண்ணம். காயத்தால் வர முடியாமல் போன ஃபார்வர்டு கரேகா இருந்திருந்தால் என்று பிரேசில்காரர்கள் இன்றும் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

68ஆவது நிமிடம், ஃபால்காவ். என் கணக்கில் ஐந்தில் சிறந்த கோல் இது, அதற்குக் காரணம் பந்தைத் தொடாத ஒருவர். இடதுபக்கத்திலிருந்து ஜூனியர் உள்ளே வந்து ஃபால்காவுக்குக் கொடுக்கிறார். அதே நேரம் செரேசோ ஃபால்காவுக்கு வெளிப்பக்கமாகப் பாய்ந்து ஓடுகிறார். இத்தாலியத் தடுப்பு அந்த ஓட்டத்தை நம்பி நகர்கிறது. திறந்த இடைவெளியில் ஃபால்காவ் பந்தை இடதுகாலுக்கு மாற்றி அடிக்கிறார். இரண்டாவது கோலைக் கொடுத்த அதே செரேசோ இங்கே அதைத் திருப்பி வாங்கித் தந்திருக்கிறார். தொகுப்பு பார்ப்பவர்களுக்கு ஃபால்காவ் கத்திக்கொண்டு ஓடுவதுதான் நினைவிருக்கும்.

இனி 68இலிருந்து 74 வரையிலான ஆறு நிமிடம். மொத்த ஆட்டத்தில் கட்டாயம் இரண்டு தரம் பார்க்க வேண்டிய பகுதி இதுதான். 2-2, பிரேசிலுக்கு இது போதும். கதைப்படி அவர்கள் தலைக்கனத்தில் முன்னே பாய்ந்திருக்க வேண்டும். பதிவு வேறு காட்டுகிறது. உடனே சந்தானா ஃபார்வர்டு செர்ஜின்யோவை எடுத்துவிட்டு, ஓடி உழைக்கும் இசிதோரோவை இறக்குகிறார். ஓட்டையாக இருந்த வலதுபக்கத்தை அடைக்கிற மாற்றம் இது. மூன்றாவது கோல் எதிர்த்தாக்குதலில் விழவே இல்லை. கோன்டி அடித்த கார்னரில் விழுந்தது. பிரேசில்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் தங்கள் பெனால்டி பகுதிக்குள்தான் இருக்கிறார்கள். பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்புகிறார்கள், தர்டெல்லி திருப்பி அடிக்கிறார், நடுவே நிற்கும் ரோசி அதைத் திசை மாற்றிவிடுகிறார். கார்னரைத் தடுத்த பிறகு எல்லோரும் வெளியே ஏறுகிறார்கள், கோல் கோட்டருகே ஜூனியர் மட்டும் தங்கிவிடுகிறார். அவர் அங்கே நின்றதால் ரோசி ஆஃப்சைடு இல்லை. தாக்கும் ஆசையால் பிரேசில் தோற்றது என்பதைவிட, ஒரு கார்னரைச் சரியாகத் துடைக்கத் தெரியாமல் தோற்றது என்பதுதான் பதிவுக்குப் பொருந்துகிறது.

படி 7: சர்ச்சைகளை அன்றைய விதிப்படி தீர்ப்பது

மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் பெனால்டி பகுதிக்குள் ஜெண்டிலே இழுத்ததில் ஜிகோவின் சட்டை கிழிந்தது. ஜிகோ கிழிசலை நடுவரிடம் விரித்துக் காட்டுகிறார். பெனால்டி இல்லை. நடுவர் இஸ்ரேலின் ஆபிரகாம் கிளைன், 1970இல் பிரேசில் - இங்கிலாந்து ஆட்டத்தை நடத்திய அனுபவசாலி.

இரண்டாவது, கடைசி நிமிடங்களில் அந்தோன்யோனி போட்ட கோல். ஆஃப்சைடு என்று கொடி உயர்ந்தது. பாஸ் கிளம்பும் ஃப்ரேமில் நிறுத்தி, ஒரே கோட்டில் இருந்தாலும் ஆஃப்சைடு என்ற அன்றைய விதியை வைத்துப் பாருங்கள். அப்போதும் அது நல்ல கோல் என்பதே பரவலான கருத்து, எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆக ஸ்கோர் 4-2 ஆகியிருக்க வேண்டும். நடுவர் பிரேசிலை ஏமாற்றினார் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மூன்றாவது, ஆட்டம் முடியும் தறுவாயில் எடரின் ஃப்ரீ கிக்கை ஆஸ்கார் தலையால் முட்ட, ஜாஃப் விழுந்து கோட்டின் மேலேயே பிடித்துவிடுகிறார். உருட்டித் தள்ளவில்லை, பிடித்தே விடுகிறார். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினாலும் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியதாகத் தெரியாது.

படி 8: ஒரே ஒருவரை மட்டும் பார்ப்பது

நேரமும் பொறுமையும் இருந்தால் மூன்றாம்முறை ஒரே ஒரு வீரரை எடுத்துக்கொண்டு 45 நிமிடம் பாருங்கள். கேமரா பந்தைத்தான் துரத்தும், ஆகவே நடுவில் இருக்கும் ஆளாகப் பார்த்து எடுங்கள். சாரியாவில் என் தேர்வு ஷிரேயா. தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்று ஓட்டைகளை அடைக்கும் லிபெரோ வேலை அவருடையது. பந்தைப் பறித்ததும் அவரே நடுக்களம்வரை ஓட்டிக்கொண்டு போவார். அன்றைய இத்தாலியை வெறும் தற்காப்பு அணி என்று சொல்ல வாய் வராது. ஃபால்காவையும் எடுக்கலாம். அவர் அப்போது ரோமா அணிக்காக இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்தவர், எதிரில் நிற்பவர்களை வாராவாரம் சந்தித்தவர்.

படி 9: அடுத்து எதைப் பார்ப்பது

தனி ஆட்டமாக விட்டுவிடாமல் முன்பின் ஆட்டங்களோடு சேர்த்துப் பாருங்கள். ஜூன் 29 இத்தாலி - அர்ஜென்டினா: அதே ஜெண்டிலே, எதிரில் 21 வயது மரடோனா. ஜூலை 2 பிரேசில் - அர்ஜென்டினா: செரேசோவும் ஃபால்காவும் எதிரணி நெருக்காதபோது எப்படி ஆடுகிறார்கள் என்று தெரியும். ஜூலை 8 அரையிறுதியில் போலந்தை இத்தாலி 2-0 என்று வென்றது, இரண்டும் ரோசி. மஞ்சள் அட்டைக் கணக்கால் ஜெண்டிலே அதில் ஆடவில்லை. ஜூலை 11 இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 3-1. ஆறு கோல்களோடு ரோசி அந்தப் போட்டியின் முதலிடம்.

இவற்றில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் அர்ஜென்டினா - பிரேசிலை எடுங்கள். அதைப் பார்த்துவிட்டு சாரியாவின் முதல் 25 நிமிடத்தை மறுபடி போட்டால், இத்தாலி பிரேசிலின் எந்தப் பக்கத்தை முன்கூட்டியே குறிவைத்தது என்பது புரியும்.